நிலம் நகரும்போது

பொறுமைக்கு நிலத்தை உவமையாகக் கூறுவது தமிழ்ப் புலவர் மரபு. தோண்டினாலும் உழுதாலும் நிலம் சினங்கொள்வதில்லை. தன்மேல் நிற்போரைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் அந்நிலம் அசையாமல் இருக்கிறது என்று எண்ணுதல் பிழை. மழைக்காலத்தில் உப்பியும் கோடையில் சுருங்கியும் அது மூச்சு விடுகிறது. மலைச்சரிவுகளில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் மெல்லக் கீழிறங்குகிறது. சில நேரங்களில் ஒரு நிமிடத்துக்குள் மூன்று, நான்கு மீட்டர் தாவி விடுகிறது. நிலத்தின் மேல் நிற்கும் வீடும் மரமும் அசைவதை நாம் கண்ணால் காண்கிறோம். நிலத்துக்குள்ளே கிடக்கும் பொருள்களுக்கு என்ன நேர்கிறது என்பதை எளிதில் காண இயலாது. அவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பவற்றுள் முதன்மையானவை எஃகுக் குழாய்கள்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் தொடர்வண்டியில் சன்னலோரம் அமர்ந்திருக்கும்போது, வயல்வெளிகளின் நடுவே குட்டையான கற்களும் எண் எழுதிய பலகைகளும் வரிசையாக நிற்பதைப் பலர் கண்டிருக்கலாம். அவற்றுள் சில, மண்ணுக்கடியில் எண்ணெய்க் குழாயோ எரிவாயுக் குழாயோ செல்கிறது என்பதை அறிவிக்கும் அடையாளங்கள். தில்லியிலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் பல வீடுகளின் அடுப்புக்கு வாயு குழாய் வழியாகவே வந்து சேர்கிறது. தெருவுக்குள் வரும் சிறு குழாய் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்கலாம். ஆனால் அதற்கு வாயுவைக் கொண்டுவந்து தரும் பெருங்குழாய் எஃகினால் ஆனது. அசாமின் நாகர்காட்டியா எண்ணெய் வயலிலிருந்து பீகாரின் பரௌனிக்குக் கச்சா எண்ணெயைக் கொண்டு செல்லும் குழாய் 1960களின் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டது. அதன் நீளம் 1157 கிலோமீட்டர். மலையடிவாரங்கள், சதுப்பு நிலங்கள், ஆற்றுப் படுகைகள் ஆகியவற்றைக் கடந்து செல்லும் அக்குழாய், நாட்டில் நிலநடுக்கம் மிகுதியாக நிகழும் பகுதி ஒன்றின் ஊடாகவே செல்கிறது.

இத்தகைய குழாய்களைப் பதிப்பதற்காக அரசு 1962-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நிலம் உழவருக்கே உரியது. அவர் அதில் பயிர் செய்யலாம். ஆனால் குழாய் செல்லும் பட்டையின் மீது வீடு கட்டுதல், கிணறு வெட்டுதல், குளம் அமைத்தல், மரம் நடுதல் ஆகியவை கூடாது. குழாயின் தலைக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் மண் இருக்கும். ஏர் உழுதாலும் குழாய்க்கு ஊறு நேராது. மண் போர்வை குழாயை வெயிலிலிருந்தும் தீயிலிருந்தும் களவிலிருந்தும் காக்கிறது. மண் நகரும்போதோ அந்தப் போர்வையே பகையாகி விடுகிறது.

மண்ணின் பிடி

எஃகுக் குழாய் என்றால் வளையாத பொருள் என்றே எவரும் கருதுவர். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டைத் தனியே பார்த்தால் அவ்வாறுதான் தோன்றும். பல துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே குழாயாக்கியபின் அதன் இயல்பு மாறிவிடும். அகழியின் ஓரத்தில் அடுக்கி வைத்த நெடுங்குழாயைப் பளுத்தூக்கிகள் தூக்கி உள்ளே இறக்கும்போது, அது தடித்த கயிற்றைப் போல நெளிந்து இறங்குவதைக் காணலாம். நீளமே அதற்கு நெகிழ்ச்சியைத் தருகிறது.

மண்ணுக்குள் சென்றபின் அந்த நெகிழ்ச்சி கட்டுப்பட்டு விடுகிறது. கடற்கரை ஈரமணலில் ஒரு கயிற்றைப் புதைத்து, அதன் நுனியை மட்டும் வெளியே விட்டு இழுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒரு சாண் நீளம் புதைந்த கயிறு எளிதில் வந்துவிடும். ஐந்து முழம் புதைந்த கயிறு வராது. மணலின் உராய்வு ஒவ்வோர் அங்குலத்திலும் கயிற்றைப் பற்றிக்கொள்கிறது; அந்தச் சிறுசிறு பிடிகள் கூடிப் பெரும்பிடி ஆகின்றன. குழாயையும் மண் அவ்வாறே நீளவாக்கில் பற்றிக்கொள்கிறது. பக்கவாட்டில் அது இன்னும் வன்மையாகத் தடுக்கிறது. ஏனெனில் குழாய் பக்கவாட்டில் நகர வேண்டுமானால் தன் முன்னால் உள்ள மண்ணையெல்லாம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மேல்நோக்கிய திசையில்தான் தடை குறைவு. அங்கே ஒரு மீட்டர் மண்ணே உள்ளது. ஆகவே அழுத்தம் தாங்காத குழாய் சில நேரங்களில் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வளைந்து எழும்புவதுண்டு.

ஒரு பொருள் தன் முதல் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பதைத் ‘திரிபு’ என்று அறிவியல் நூல்கள் குறிக்கும். 100 மீட்டர் குழாய் 10 சென்டிமீட்டர் நீண்டால் திரிபு ஆயிரத்தில் ஒரு பங்கு. குழாய்கள் செய்யப் பயன்படும் எஃகு, ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு வரை நீண்டாலும் விசை நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதற்கு மேல் நீண்டால் திரும்பாது. ஆனால் உடனே அறுந்தும் போகாது. நல்ல எஃகுத் துண்டை ஆய்வகத்தில் இழுத்துச் சோதித்தால், அது நூற்றில் இருபது பங்கு வரை நீண்ட பின்னரே அறுவதுண்டு. உடைவதற்குமுன் இத்துணை நீளும் இயல்புதான் எஃகின் பெருமை. வார்ப்பிரும்புக்கு இந்த இயல்பு இல்லை. 1906-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் நிலம் நடுங்கியபோது, தெருக்களுக்கு அடியில் கிடந்த வார்ப்பிரும்பு நீர்க்குழாய்கள் பல இடங்களில் முறிந்தன. நகரில் தீப்பற்றியது, அணைக்க நீர் இல்லை. நிலநடுக்கம் அழித்ததைவிடத் தீ அழித்ததே மிகுதி. அதன்பின் அந்நகரம் தீயணைப்புக்கென்றே தனியானதொரு நீர்வழங்கல் அமைப்பை உருவாக்கிக்கொண்டது.

எஃகு இழுவையைத் தாங்கும். அமுக்கத்தை அது அவ்வளவாகத் தாங்காது. காலியான குளிர்பானத் தகரக்குவளை ஒன்றை நிமிர்த்தி வைத்து மேலிருந்து மிதித்தால், அதன் சுவர் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிவிடும். தகரம் நசுங்கியதே தவிர, தகரத்தின் வலிமை குறைந்துபோகவில்லை. சுவர் மெல்லியதாக இருப்பதால் வளைந்து விலகிக்கொள்வது அதற்கு எளிதாயிற்று. பெருங்குழாயின் சுவரும் விட்டத்தோடு ஒப்பிட்டால் மெல்லியதே. ஆகவே நீளவாக்கில் அமுக்கப்படும் குழாய், இழுக்கப்படும் குழாயைக் காட்டிலும் மிகக் குறைந்த திரிபிலேயே மடிப்பு விழுந்து கெடுகிறது.

அலையும் பெயர்ச்சியும்

நிலநடுக்கத்தின்போது இரண்டு வகையான அசைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, அலையாகக் கடந்து செல்வது. அது நிலத்தை ஒரு நொடி நீட்டி மறுநொடி சுருக்கி, முடிவில் பழைய இடத்திலேயே விட்டுச் செல்லும். இதில் மண்ணின் திரிபு பெரும்பாலும் மிகச் சிறியது. நன்கு பற்றவைக்கப்பட்ட எஃகுக் குழாய் மண்ணோடு சேர்ந்து ஆடிவிட்டு அமைதியாகும். வீடுகள் இடிந்து விழும் ஊரில் கூடக் குழாய் பழுதின்றித் தப்புவதன் காரணம் இதுவே.

மற்றொன்று, நிலம் இடம்பெயர்ந்து அங்கேயே நின்றுவிடுவது. நிலப்பிளவின் இருபுறமும் எதிரெதிராக நகர்தல், சரிவு வழுக்கி இறங்குதல், நீர் நிறைந்த மணல் கூழாகிப் பக்கவாட்டில் ஓடுதல், நிலம் கீழே அமிழ்தல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. குழாய்களை உடைப்பது பெரும்பாலும் இந்த நிலையான பெயர்ச்சியே.

1994-ஆம் ஆண்டு சனவரி 17 அன்று விடியற்காலை 4.31 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடபகுதியில் 6.7 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் என்று அது பெயர்பெற்றது. அப்பகுதியில் பால்போவா பூல்வார்டு என்னும் அகன்ற சாலை உண்டு. அச்சாலைக்கு அடியில் எரிவாயுக் குழாய்களும், நீர்க்குழாய்களும், எண்ணெய்க் குழாயும் அருகருகே சென்றன. நிலநடுக்கத்தில் அச்சாலையின் ஒரு பகுதி, தன் அடியிலிருந்த மண்ணோடு சேர்ந்து, மிக மெல்லிய சரிவின் வழியே ஏறத்தாழ அரை மீட்டர் கீழ்நோக்கி நகர்ந்தது. மேசைமேல் விரித்த துணியை ஒரு பக்கமாகத் தள்ளினால், தள்ளும் கைக்குப் பின்னே துணி இழுபடும். முன்னே சுருக்கம் விழும். சாலைக்கும் அதுவே நேர்ந்தது. நகர்ந்த நிலத்தின் மேல்முனையில் தரை பிளந்து விரிந்தது. கீழ்முனையில் தரை நெருக்கப்பட்டது.

1930-ஆம் ஆண்டில் பதிக்கப்பட்ட 22 அங்குல விட்டமுள்ள எரிவாயுக் குழாய் ஒன்று அந்த இரண்டு முனைகளிலும் உடைந்தது. மேலே இழுபட்டு அறுந்தது. கீழே நசுங்கிக் கிழிந்தது. அருகிலிருந்த பெரிய நீர்க்குழாய்களும் உடைந்தமையால் சாலை ஆறாயிற்று. இருளில் அவ்வழியே வந்த சரக்குந்து ஒன்று நீரில் நின்றுபோயிற்று. ஓட்டுநர் பொறியை மீண்டும் முடுக்க முயன்றபோது எழுந்த பொறி, காற்றில் கலந்திருந்த வாயுவைப் பற்றிக்கொண்டது. ஓட்டுநர் தீக்காயங்களோடு தப்பினார். சாலையோரத்து வீடுகள் ஐந்து எரிந்து சாம்பலாயின. வெள்ளத்தின் நடுவே நின்று நெருப்பு எரியும் அக்காட்சியை உலகெங்கும் தொலைக்காட்சியில் மக்கள் கண்டனர்.

இந்நிகழ்ச்சியில் கற்கத்தக்கது, உடைந்த குழாயைக் காட்டிலும் உடையாத குழாய்களிடமே மிகுதியாக உள்ளது. அதே சாலைக்கு அடியில், அதே அரை மீட்டர் நகர்ச்சிக்கு ஆளாகிய வேறு எஃகுக் குழாய்கள் சிறிதும் பழுதடையவில்லை. அவை பின்னாளில் வந்த மேம்பட்ட முறையில் பற்றவைக்கப்பட்டவை. உடைந்த பழங்குழாயின் பற்றுகள் தொடக்ககால முறையில் செய்யப்பட்டவை. அவை எஃகைப் போல நீள இயலாதவை. ஆயிரம் கண்ணிகள் கொண்ட சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே ஆகும். குழாயின் கதியும் அதுவே. எஃகு எத்துணை நல்லதாயினும், ஒரு பற்று நொய்யதாக இருப்பின் நீட்சி முழுவதும் அந்த ஒரே இடத்தில் வந்து குவிந்துவிடும்.

குல்லார் குழாயின் கணக்கு

1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று, மக்கள் உறங்கிக்கொண்டிருந்த பின்னிரவு 3.02 மணிக்குத் துருக்கியின் இசுமித் நகரை அடுத்து நிலம் பிளந்தது. 17,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்பகுதியில் குல்லார் என்னும் ஊர் உள்ளது. அதன் வழியே 2.2 மீட்டர் விட்டமுள்ள எஃகு நீர்க்குழாய் ஒன்று சென்றது. உயரமான மனிதர் ஒருவர் குனியாமல் அதனுள் நடந்து செல்லலாம். அதன் சுவரின் தடிப்பு 18 மில்லிமீட்டர். விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நிலப்பிளவு அந்தக் குழாயைச் சாய்வாக வெட்டிக்கொண்டு சென்றது. பிளவின் ஒரு புறம் மறுபுறத்தைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மீட்டர் நகர்ந்தது.

இங்கே சற்று நின்று கணக்கிட்டுப் பார்ப்பது நலம். பிளவுக்குச் செங்குத்தாக ஒரு குழாய் செல்வதாகக் கொள்வோம். மூன்று மீட்டர் பெயர்ச்சியை அது 60 மீட்டர் நீளத்தில் சாய்வாக வளைந்து ஏற்றுக்கொள்ளுமானால், பிதாகரசு தேற்றத்தின்படி அதன் புதிய நீளம் 60.075 மீட்டர். நீட்சி ஏழரை சென்டிமீட்டர் மட்டுமே. வளைவினால் வரும் கூடுதல் திரிபு தனியே உண்டு. எனினும் எஃகுக்கு இது பெருஞ்சுமை அன்று. குழாய் சாய்வாகச் சென்றால் நிலைமை வேறு. குல்லாரில் குழாய்க்கும் பிளவுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 55 பாகை. மூன்று மீட்டர் பெயர்ச்சியில் குழாயின் நீளவாக்கில் விழும் பங்கு 3 × கோசைன் 55°. அதாவது ஏறத்தாழ 1.7 மீட்டர். சாய்வு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து, குழாய் அந்த 1.7 மீட்டர் நீள வேண்டும்; அல்லது சுருங்க வேண்டும். குல்லார்க் குழாயின் ஊழ் சுருங்குவதாக அமைந்தது.

1.7 மீட்டர் எஃகுக்கு மண்ணுக்குள் போக்கிடம் ஏது? குழாயின் சுவர் மடிந்தது. பிளவின் அருகே இரண்டு இடங்களில் பெரிய மடிப்புகள் விழுந்து, குழாய் முழங்கை போல் வளைந்தது. மடிப்புகளில் கசிவு ஏற்பட்டது. எனினும் குழாய் முழுவதும் அறுந்துவிடவில்லை. நிலநடுக்கத்துக்குப் பின்னும் அதன் வழியே நீர் சென்றது. வீடிழந்து தெருவில் நின்ற மக்களுக்குக் குடிநீர் எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்தக் குழாய் அழகாக நடந்துகொண்டது என்று கூற இயலாது. ஆனால் உற்ற நேரத்தில் கைவிடவில்லை. பொறியாளர்கள் பலர் அதனைத் தோண்டி அளந்து ஆராய்ந்தனர். மண்ணுக்குள் கிடக்கும் பெருங்குழாய் நிலப்பிளவினால் எவ்வாறு வளைகிறது என்பதை உண்மை அளவுகளோடு காட்டிய அரிய சான்றாக அது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

அதே குழாய் எதிர்ப்பக்கச் சாய்வில் பிளவைக் கடந்திருப்பின், 1.7 மீட்டர் நீள நேர்ந்திருக்கும். அந்த நீட்சி நெடுந்தொலைவுக்குப் பரவினால் ஒவ்வொரு மீட்டருக்கும் வரும் பங்கு சிறிதாகும். நல்ல பற்றுகள் உடைய எஃகு அதைத் தாங்கக்கூடும். பரவ விடாமல் தடுப்பது மண்ணின் இறுக்கமான பிடி. ஆகவே நிலப்பிளவு உள்ள இடம் முன்னரே தெரியுமானால், குழாய் அமைப்போர் சில செயல்களைச் செய்கின்றனர். பெயர்ச்சி நேர்ந்தால் குழாய் இழுபடும் வகையில், சுருங்கும் வகையில் அல்லாமல், சாய்வைத் தேர்ந்தெடுக்கின்றனர். அகழியை அகலமாக, சரிந்த கரைகளோடு வெட்டுகின்றனர். தோண்டிய களிமண்ணைத் திரும்பக் கொட்டாமல் தளர்ந்த மணலை இட்டு நிரப்புகின்றனர். குழாயை ஆழமாகப் புதைப்பதில்லை. அவ்விடத்தில் தடித்த சுவருடைய குழாயை வைக்கின்றனர். வளைவுகளைத் தள்ளி வைக்கின்றனர். வன்மையாகப் பற்றிக்கொண்டால்தான் பாதுகாப்பு என்று தோன்றும். இங்கே தளர்த்தி விடுவதே பாதுகாப்பு.

புதைக்காமல் விட்ட இடம்

அலாஸ்காவில் உள்ள எண்ணெய்க் குழாய் 1975-க்கும் 1977-க்கும் இடையே கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 1,287 கிலோமீட்டர், விட்டம் 1.22 மீட்டர். அந்நாட்டின் பெரும்பகுதியில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். சூடான எண்ணெய் செல்லும் குழாயை அங்கே புதைத்தால் உறைமண் உருகும், உருகினால் அமிழும், அமிழ்ந்தால் குழாய் தாங்குவாரின்றித் தொங்கும். ஆகவே பாதிக்கு மேற்பட்ட தொலைவுக்குக் குழாயைத் தூண்கள்மேல் ஏற்றினர். உருகாது என்று நம்பிய இடங்களில் புதைத்தனர். அந்த நம்பிக்கை எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. 1979-ஆம் ஆண்டில் புதைத்த பகுதி இரண்டு இடங்களில் மண் அமிழ்ந்தமையால் வளைந்து விரிசல் கண்டு எண்ணெய் கசிந்தது. நிலநடுக்கம் ஏதும் நிகழவில்லை. பனி உருகியது, அவ்வளவே.

அதே குழாய் தெனாலி என்னும் பெரும் நிலப்பிளவையும் கடக்க வேண்டியிருந்தது. (ஆந்திரத்துத் தெனாலிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) நிலவியலாளர்கள் பிளவு எங்கே செல்கிறது, எவ்வளவு நகரக்கூடும் என்பதை முன்னரே ஆய்ந்து உரைத்தனர். பக்கவாட்டில் ஆறு மீட்டரும் மேல்கீழாக ஒன்றரை மீட்டரும் நகரலாம் என்று கொண்டு பொறியாளர்கள் வடிவமைத்தனர். அவ்விடத்தில் குழாயைப் புதைக்கவே இல்லை. தரைக்கு மேலே நீண்ட எஃகு விட்டங்களைக் குறுக்காகக் கிடத்தி, அவற்றின்மேல் வழுக்கக்கூடிய அடிக்கட்டைகளோடு குழாயை வைத்தனர். நிலம் நகர்ந்தால் விட்டங்கள் நிலத்தோடு நகரும். குழாய் விட்டங்களின்மேல் வழுக்கிக்கொள்ளும். இவ்வளவு செலவு தேவைதானா என்று கேட்கத் தோன்றும் ஏற்பாடுதான்.

2002-ஆம் ஆண்டு நவம்பர் 3 அன்று விடை கிடைத்தது. 7.9 அளவுடைய நிலநடுக்கத்தில் தெனாலிப் பிளவு குழாயின் அருகே ஏறத்தாழ 4.3 மீட்டர் நகர்ந்தது. தாங்கிகள் சில சிதைந்தன. குழாய் உடையவில்லை. நாள்தோறும் ஏறத்தாழ பத்து இலட்சம் பீப்பாய் எண்ணெய் சென்றுகொண்டிருந்த அக்குழாயிலிருந்து ஒரு துளியும் சிந்தவில்லை. ஆய்வுக்காக நிறுத்தி வைக்கப்பட்ட ஓட்டம் மூன்று நாள்களுக்குள் மீண்டும் தொடங்கிற்று.

மெல்ல நகரும் நிலம்

நிலநடுக்கம் அஞ்சத்தக்கதுதான். ஆயினும் உலகெங்கும் குழாய்க் காவலர்களின் உறக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சரிவுகளே. 1987-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. மழையில் ஊறிக் கிடந்த மலைச்சரிவுகள் அவற்றால் பெயர்ந்து விழுந்து, அந்நாட்டின் எண்ணெய்க் குழாயை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுக்கு அழித்தன. எண்ணெய் ஏற்றுமதியையே பெரிதும் நம்பியிருந்த நாடு பல மாதங்கள் வருவாயின்றித் தவித்தது. 2017-ஆம் ஆண்டு சூலை மாதம் சீனாவின் குய்சோ மாநிலத்தில் நிலநடுக்கம் இல்லாமலேயே, தொடர்மழையால் சரிவு இறங்கி எரிவாயுக் குழாயை முறித்தது. வெடித்தெழுந்த தீயில் எட்டுப் பேர் மாண்டனர்.

விரைந்து விழும் சரிவைவிட, ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் ஊர்ந்து இறங்கும் சரிவு ஒருவகையில் வஞ்சகமானது. மேலே புல் முளைத்திருக்கும், மாடுகள் மேயும். அடியில் குழாய் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வளைந்துகொண்டிருக்கும். பத்தாண்டில் 20 சென்டிமீட்டர். இவ்வாறு சேர்ந்த திரிபை மண் மேலிருந்து அறிய இயலாது.

கரிசல் மண்ணின் குறும்பு வேறு வகை. மராட்டியத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் குசராத்திலும் பரந்து கிடக்கும் இந்தக் கருமண், தென்தமிழகத்திலும் உண்டு. அப்பகுதிக்கே கரிசல்காடு என்று பெயர். கோடையில் கால் புதையும் அளவுக்கு வெடிப்பு விடும். மழை பெய்ததும் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். நொய்ந்த பழைய நீர்க்குழாய்களின் இணைப்புகளை அது பிரித்துவிடுவதுண்டு. நன்கு பற்றவைத்த எஃகுக் குழாயை அது எளிதில் உடைப்பதில்லை. ஆனால் துருப்பிடியாமல் காப்பதற்காக அதன்மேல் சுற்றியுள்ள காப்புறையைப் பற்றி இழுக்கிறது. ஆண்டுக்காண்டு சுருங்கியும் விரிந்தும் இழுத்தால் உறை சுருண்டு கிழியும். கிழிந்த இடத்தில் ஈரம் புகும். அப்புறம் துரு தன் வேலையைத் தொடங்கும். இங்கே நிலம் குழாயைக் கொல்வதில்லை. கொல்பவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

ஆற்றங்கரைகளில் இன்னொரு விந்தை நிகழ்வதுண்டு. நீர் நிறைந்த மணல் நிலநடுக்கத்தில் குலுங்கும்போது சில நொடிகளுக்குக் கூழைப் போல ஆகிவிடும். கூழில் கல் மூழ்கும். காலிப் பானை மிதக்கும். மேலே நின்ற கட்டடம் சாய்ந்து அமிழும். அடியில் கிடந்த வாயு நிறைந்த குழாய் மேலே மிதந்து எழ முயலும். 1964-ஆம் ஆண்டு சப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடி வீடுகள் சாய்ந்து படுத்ததும், புதைந்திருந்த தொட்டி மேலே எழும்பியதும் இவ்வாறுதான். ஆற்றைக் கடக்கும் குழாய்களின்மேல் தடித்த கான்கிரீட்டு உறை பூசுவதன் நோக்கம் அவற்றுக்கு எடை கூட்டி மிதக்காமல் செய்வதே.

2001-ஆம் ஆண்டு சனவரி 26 அன்று கச்சுப் பகுதியைக் குலைத்த பூச் நிலநடுக்கத்துக்குப்பின், புதைகுழாய்களை நிலநடுக்கத்துக்கு ஏற்ப எவ்வாறு அமைப்பது என்பதற்கு இந்தியாவில் தனி வழிகாட்டி ஒன்று எழுதப்பட்டது. குசராத்து அரசின் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காகக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதனை ஆக்கி 2007-இல் வெளியிட்டது. பெயர்ச்சியின் அளவையும் மண்ணின் பிடியையும் குழாயின் திரிபையும் கணக்கிடும் முறைகள் அதில் படிப்படியாகத் தரப்பட்டுள்ளன.

கணக்கு முன்னரே போட்டாலும், பதித்த குழாயைக் கண்காணிக்காமல் இருத்தல் ஆகாது. ஐயத்துக்குரிய சரிவுகளில் குழாயின் மேனியில் திரிபுமானிகளை ஒட்டி வைக்கின்றனர். குழாய்க்குள்ளேயே ஒரு கருவியை விட்டு எண்ணெயின் தள்ளுவிசையால் அதனைப் பல கிலோமீட்டர் பயணம் செய்யவைப்பதும் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் பன்றி என்று பொருள்படும் ‘பிக்’ என்பதே பெயர். அது செல்லும் வழியெல்லாம் குழாய் எந்த இடத்தில் எவ்வளவு வளைந்துள்ளது என்பதைப் பதிவு செய்துகொண்டே போகும். சென்ற ஆண்டுப் பதிவோடு இவ்வாண்டுப் பதிவை ஒப்பிட்டால், மாடு மேயும் அந்த அமைதியான சரிவு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது புலனாகும். மிகுதியாக வளைந்திருப்பின் குழாயைச் சுற்றியுள்ள மண்ணை நெடுந்தொலைவுக்குத் தோண்டி எடுக்கின்றனர். மண்ணின் பிடி நீங்கியதும், அமுங்கிக் கிடந்த எஃகு தன் பழைய நிலையை நோக்கித் தானே சற்று நிமிர்கிறது. பிறகு தளர்ந்த மண்ணிட்டு மூடி, அடுத்த சில ஆண்டுகளுக்குக் கவலையின்றி இருக்கின்றனர்.

இத்தனைக் கருவிகளுக்கு அப்பாலும், நம் நாட்டில் குழாய்ப் பாதையின் நெடுகக் கால்நடையாக நடந்து பார்வையிடும் காவலர்கள் இருக்கின்றனர். தமக்குரிய சில கிலோமீட்டர் பகுதியை அவர்கள் நடந்து பார்ப்பர். நேற்று நேராக நின்ற அடையாளக் கல் இன்று சாய்ந்திருக்கிறதா, வரப்பில் புதிய வெடிப்பு ஓடியிருக்கிறதா, மழை ஓடை குழாய்க்கு மேலிருந்த மண்ணை அரித்துச் சென்றிருக்கிறதா, யாரேனும் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றனரா என்றெல்லாம் உற்று நோக்குவர். காய்ந்த வயலில் காரணமின்றி ஓரிடத்தில் பயிர் வாடி மஞ்சளித்திருந்தால், அங்கே நின்று, மண்ணை முகர்ந்து பார்த்து, உடனே நிலையத்துக்குச் செய்தி அனுப்புவர்.